லேசர் கண் சிகிச்சை: பவர் பார்க்கும் அறையில் என்னிடம் கேட்கப்படும் கேள்விகள்

நான் கண் மருத்துவர் இல்லை. திருச்சியில் ஒரு கண் மருத்துவமனையில் பவர் பார்க்கிற ஆப்டோமெட்ரிஸ்ட். இருட்டறையில் உட்கார வைத்து, "இது தெளிவா, அது தெளிவா?" என்று லென்ஸை மாற்றி மாற்றிப் போடுகிற ஆள். டாக்டரிடம் கேட்கக் கூச்சப்பட்டு என்னிடம் கேட்டுவிட்டுப் போகிறவர்கள் நிறைய. கண்ணாடியைக் கழற்றச் செய்துகொள்ளும் லேசர் பற்றி அப்படி வரும் கேள்விகளை இங்கே எழுதி வைக்கிறேன். உங்கள் கண்ணுக்கு எது பொருந்தும் என்பதை உங்களைப் பரிசோதித்த மருத்துவர்தான் சொல்ல முடியும். அவரிடம் எதைக் கேட்பது என்று தெரிந்துகொண்டு போக இது உதவும்.

எவ்வளவு சார் ஆகும்?

முதல் கேள்வி எப்போதும் இதுதான். சென்னை, மதுரை, கோவை, திருச்சி மாதிரி ஊர்களில் 2 கண்ணுக்கும் சேர்த்துத் தோராயமாகச் சொல்கிறேன், எந்த முறை என்ன என்பது கீழே வரும். பி.ஆர்.கே., அல்லது பிளேடு வைத்துச் செய்யும் பழைய லாசிக் என்றால் 25,000 முதல் 50,000 ரூபாய். பிளேடே இல்லாமல் முழுக்க லேசரால் செய்யும் ஃபெம்டோ லாசிக் 60,000 முதல் 1 லட்சம். கான்டூரா என்று விளம்பரம் செய்யப்படுவது அதற்குக் கொஞ்சம் மேலே. ஸ்மைல் 90,000 முதல் ஒன்றரை லட்சம். கண்ணுக்குள் லென்ஸ் வைக்கும் ஐ.சி.எல். ஒன்றரை லட்சத்தில் தொடங்கும். சிலிண்டர் பவரும் சேர்ந்தால் இரண்டரை, மூன்று லட்சம் வரை போகும்.

ஏன் இவ்வளவு வித்தியாசம்? டாக்டரின் கைராசிக்கு விலை வைக்கிறார்கள் என்று பலர் நினைக்கிறார்கள். பெரும்பகுதி மெஷினுக்குப் போகிறது. ஃபெம்டோ லேசர் மெஷின் கோடிகளில் விலை. ஸ்மைல் செய்யும்போது கண்மேல் பொருத்தும் சின்னக் கூம்பு ஒருமுறைதான் பயன்படும், ஒவ்வொரு சிகிச்சைக்கும் கம்பெனிக்கு உரிமக் கட்டணமும் உண்டு. மருத்துவமனை எவ்வளவு தள்ளுபடி கொடுக்க நினைத்தாலும் இந்தச் செலவு இறங்காது.

விளம்பரத்தில் கொட்டை எழுத்தில் போட்டிருக்கும் தொகை பெரும்பாலும் 1 கண்ணுக்கானது. கீழே பொடி எழுத்தில் "குறிப்பிட்ட பவர் வரை" என்று இருக்கும். அதனால் தொகையைக் கேட்கும்போதே இதையும் கேளுங்கள்: 2 கண்ணுக்குமா, ஸ்கேன் செலவு சேர்ந்ததா, சொட்டு மருந்து சேர்ந்ததா, எத்தனை மாதம் வரை வந்து காட்டுவது இலவசம், பவர் கொஞ்சம் மிச்சம் இருந்தால் மறுபடி செய்யப் பணம் உண்டா, உண்டென்றால் எத்தனை வருடத்துக்குள். கடைசிக் கேள்விக்கான பதிலை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். ஸ்கேன் எடுத்து "வேண்டாம்" என்று சொல்லிவிட்டால் கட்டிய முன்பணம் திரும்புமா என்பதையும் கேட்டுவிடுங்கள்.

இன்சூரன்ஸில் கிடைக்குமா?

பெரும்பாலானவர்களுக்குக் கிடைக்காது. இந்தியாவில் தனிநபர் மருத்துவக் காப்பீட்டில் 7.5 டயாப்டருக்கு (நாம் பவர் என்று சொல்லும் எண்ணின் அலகு) குறைவான பார்வைக் குறைபாட்டைச் சரிசெய்யும் செலவை விலக்கலாம் என்பது காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமே வகுத்த பொது விலக்குகளில் ஒன்று. மைனஸ் 4, மைனஸ் 5 இருப்பவர்கள் கைக்காசுதான் போட வேண்டும். 7.5-ம் அதற்கு மேலும் இருந்தால் பாலிசியைப் படித்துப் பாருங்கள். காத்திருப்புக் காலம் முடிந்திருந்தால் வாய்ப்பு உண்டு. கம்பெனி வழியாக வரும் குரூப் பாலிசியில் விதி வேறாக இருக்கலாம், எச்.ஆரிடம் கேளுங்கள். ஒரு முரண் பாருங்கள்: காப்பீடு கிடைக்கிற அளவு பவர் உள்ளவர்களில் பலருக்கு லேசர் ஒத்துவராமல் ஐ.சி.எல். பக்கம் போக வேண்டியிருக்கும்.

லாசிக், ஸ்மைல், பி.ஆர்.கே. எல்லாம் ஒன்றுதானே?

செய்கிற வேலை ஒன்று, வழி வேறு. கண்ணுக்கு முன்னால் கைக்கடிகாரத்தின் கண்ணாடி போல ஒரு படலம் இருக்கிறதே, அதுதான் கருவிழி. அதன் வளைவுதான் ஒளியை வளைத்து உள்ளே அனுப்புகிறது. கிட்டப்பார்வை, அதாவது மைனஸ் பவர், உள்ளவருக்கு ஒளி விழித்திரைக்கு முன்பே குவிந்துவிடும். கருவிழியின் நடுப்பகுதியைக் கொஞ்சம் தட்டையாக்கினால் குவியும் இடம் பின்னால் தள்ளிப் போகும். அவ்வளவுதான் சங்கதி.

பி.ஆர்.கே. இவற்றில் மூத்தது. அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 1995-ல் இதற்கு அனுமதி கொடுத்தது. கருவிழியின் மேல்தோலை மட்டும் அகற்றிவிட்டு நேரடியாக லேசரால் சீவுவார்கள். தோல் மறுபடி வளர 4, 5 நாள் ஆகும்; அதுவரை பாண்டேஜ் மாதிரி ஒரு கான்டாக்ட் லென்ஸ் போட்டு அனுப்புவார்கள். அந்த நாட்களில் வலி உண்டு, பார்வை முழுசாகத் தெளியச் சில வாரம் எடுக்கும். அதனால் யாரும் இதை ஆசையாகக் கேட்பதில்லை. எனக்கோ இந்த முறைமேல் ஒரு மரியாதை உண்டு. கருவிழி கொஞ்சம் மெல்லியதாக இருப்பவர்களுக்கும், கபடி, குத்துச்சண்டை என்று முகத்தில் அடிபடும் விளையாட்டில் இருப்பவர்களுக்கும் இதுவே நிம்மதி. திறந்து மூடிய மடல் என்று எதுவும் கண்ணில் இருக்காது.

லாசிக்கில் கருவிழியின் மேலடுக்கை ஒரு மடல் போலத் திறப்பார்கள், ஒரு ஓரம் ஒட்டியே இருக்கும். அடியில் எக்சைமர் லேசரால் சீவிவிட்டு மடலை மூடுவார்கள். தையல் கிடையாது. மடலை மெல்லிய பிளேடால் வெட்டினால் பழைய லாசிக், ஃபெம்டோ லேசரால் வெட்டினால் ஃபெம்டோ லாசிக். மறுநாளே ஆபீஸ் போகிறவர்கள் உண்டு. கான்டூராவும் லாசிக்தான், கருவிழியின் மேடுபள்ளத்தை வரைபடமாக எடுத்து, அதற்கேற்ப இடத்துக்கு இடம் அளவு மாற்றிச் சீவுவது அதன் சிறப்பு.

ஸ்மைலில் மடலே இல்லை. கருவிழிக்கு உள்ளேயே ஃபெம்டோ லேசர் ஒரு மெல்லிய வில்லையைச் செதுக்கும். ஓரத்தில் 2 முதல் 4 மில்லிமீட்டர் துளை வழியாக டாக்டர் அந்த வில்லையை உருவி எடுத்துவிடுவார். பலாச்சுளைக்குள்ளிருந்து கொட்டையை எடுக்கிற மாதிரி என்று சொல்லிப் புரிய வைப்பேன். வெட்டு சின்னது என்பதால் நரம்புகள் குறைவாக அறுபடும், கண் வறட்சியும் கொஞ்சம் குறைவு. ஆனால் தூரப்பார்வை, அதாவது பிளஸ் பவர், உள்ளவர்களுக்குப் பெரும்பாலும் லாசிக்கைத்தான் சொல்வார்கள்.

ஐ.சி.எல். லேசரே இல்லை. கண்ணின் இயற்கை லென்ஸுக்கு முன்னால், கண் பாப்பாவுக்குப் பின்னால் ஒரு மெல்லிய லென்ஸை வைப்பது. கருவிழியிலிருந்து எதையும் சீவ வேண்டியதில்லை. வேண்டாம் என்றால் வெளியே எடுத்துவிடலாம். மைனஸ் 10, மைனஸ் 15 என்று சோடாப்புட்டிக் கண்ணாடி போட்டிருப்பவர்களுக்கு இது பெரிய வரம். ஆனால் கண்ணுக்குள்ளேயே போகிற அறுவை சிகிச்சை என்பதால் அதற்கான அபாயங்கள் தனி.

இதில் எது பெஸ்ட்?

ஸ்கேன் எடுக்காமல் இந்தக் கேள்விக்கு யாராவது பதில் சொன்னால் அவரிடம் செய்துகொள்ளாதீர்கள்.

எல்லா டெஸ்டும் எடுத்துவிட்டு "உங்களுக்கு முடியாது" என்றுவிட்டார்கள். ஏன்?

இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைப் படிப்பதாக இருந்தால் இதைப் படியுங்கள். கருவிழியின் கனம் ஒரு சேமிப்புக் கணக்கு மாதிரி. எடுக்கலாம், திரும்பப் போட முடியாது. லேசர் வாங்கித் தருகிற தெளிவுக்கெல்லாம் இந்தக் கணக்கிலிருந்துதான் பணம் போகிறது.

கருவிழியின் நடுவில் கனம் சராசரியாக 540 மைக்ரான், அரை மில்லிமீட்டருக்குச் சற்று மேல். ஆறரை மில்லிமீட்டர் வட்டத்தில் சீவும்போது 1 பவருக்கு ஏறக்குறைய 14 மைக்ரான் போகும். லாசிக் மடலுக்கு 110 என்று வைத்துக்கொள்ளுங்கள். மடலுக்கு அடியில் குறைந்தது 250 மைக்ரான் மிஞ்ச வேண்டும் என்பது பழைய கணக்கு. 300-க்குக் கீழே இறங்க இன்று பல மருத்துவர்கள் சம்மதிப்பதில்லை.

540 கனமும் மைனஸ் 5 பவரும் உள்ளவருக்கு 110-ம் 70-ம் கழித்தால் 360 மிஞ்சும். தாராளம். 490 கனமும் மைனஸ் 8-ம் உள்ளவருக்கு 110-ம் 112-ம் போனால் மிச்சம் 268. காகிதத்தில் 250-க்கு மேலேதான் இருக்கிறது. ஆனால் பவர் கொஞ்சம் திரும்பி வந்தால் மறுபடி சீவ இடமில்லை. அதைவிடப் பெரிய ஆபத்து, பலம் குறைந்த கருவிழி கண்ணின் உள்ளழுத்தத்தால் மெல்ல முன்னுக்குப் புடைத்துக்கொண்டு வரலாம். எக்டேசியா என்பார்கள். அரிதுதான், ஆனால் வந்தால் கண்ணாடிக்கும் அடங்காத மங்கல் வரும். கருவிழியை இறுக்கிப் பலப்படுத்தும் சி3ஆர் சிகிச்சை, கடினமான கான்டாக்ட் லென்ஸ் என்று அலைய வேண்டியிருக்கும்.

கனம் போதுமாக இருந்தும் வடிவம் சரியில்லை என்றால் முடியாது. கெரட்டோகோனஸ் என்று ஒரு நோய். கருவிழி கூம்பு மாதிரி மெலிந்து நீளும். அதன் ஆரம்ப அறிகுறி கண்ணாடி டெஸ்டில் தெரியாது, கருவிழி வரைபடத்தில்தான் மாட்டும். சின்ன வயதிலிருந்து அலர்ஜி வந்து கண்ணைக் கசக்கிக்கொண்டே இருந்தவர்கள், சிலிண்டர் பவர் வருடா வருடம் ஏறுகிறவர்கள், வீட்டில் யாருக்காவது கெரட்டோகோனஸ் இருப்பவர்கள் இதைக் கேட்காமலே சொல்லிவிட வேண்டும். மறைத்தால் நஷ்டம் உங்களுக்குத்தான்.

இவை தவிர 18 வயது ஆகாதவர்கள், கடந்த ஒரு வருடத்தில் பவர் அரைக்கு மேல் மாறியவர்கள், கர்ப்பிணிகள், பாலூட்டுகிறவர்கள், சர்க்கரை கட்டுப்பாட்டில் இல்லாதவர்கள், முடக்குவாதம் போன்ற நோய் எதிர்ப்பாற்றல் சார்ந்த நோய் உள்ளவர்கள், கடுமையான கண் வறட்சி உள்ளவர்கள் பொறுக்க வேண்டும் அல்லது வேறு வழி பார்க்க வேண்டும். முகப்பருவுக்கு ஐசோட்ரெடினோயின் மாத்திரை சாப்பிடுகிறீர்கள் என்றால் அதையும் சொல்லுங்கள், கண்ணை உலர்த்தும் மருந்து அது. மெட்ராஸ் ஐ வந்திருந்தால் தேதியைத் தள்ளிப் போடுங்கள்.

நீங்களே கண்ணாடி போட்டிருக்கிறீர்களே?

வாரத்துக்கு ரெண்டு பேராவது இதைக் கேட்டுவிட்டுச் சிரிப்பார்கள். என் பவர் மைனஸ் ஆறரை. கருவிழி 478. வரைபடத்தில் கீழ்ப்பக்கம் ஒரு சாய்வு வேறு இருக்கிறது, நோய் என்று சொல்ல முடியாது, சந்தேகம் என்று சொல்லலாம். ஊழியர் சலுகையில் செய்துகொள்ளலாம் என்று 24 வயதில் ஆசையோடு போய் ஸ்கேன் முன்னால் உட்கார்ந்தேன். படத்தைப் பார்த்துவிட்டு எங்கள் டாக்டர், "தம்பி, நல்ல ஃபிரேம் ஒன்று வாங்கிக்கோ" என்றார். வருத்தமாக இருந்தது. இன்று நான் மற்றவர்களுக்கு எடுக்கிற ஒவ்வொரு ஸ்கேனிலும் முதலில் பார்ப்பது அந்தக் கீழ்ப்பக்கச் சாய்வைத்தான்.

ஸ்கேன் எடுக்க வரும் நாளுக்கு எப்படித் தயாராவது?

கான்டாக்ட் லென்ஸ் போடுகிறவர்கள் முன்கூட்டியே நிறுத்த வேண்டும். மென்மையான லென்ஸ் என்றால் 1 அல்லது 2 வாரம், கடினமான லென்ஸ் என்றால் 3, 4 வாரம். லென்ஸ் கருவிழியை அழுத்தி வடிவத்தை மாற்றி வைத்திருக்கும். அந்தப் பொய்யான வடிவத்தை அளந்தால் கணக்கே தப்பாகும். "நேற்றுதான் கழற்றினேன், பரவாயில்லையா?" என்று கேட்பவர்களைத் திருப்பி அனுப்பியிருக்கிறேன். அவர்கள் கோபத்தைத் தாங்கிக்கொள்ளலாம்.

பழைய கண்ணாடிச் சீட்டுகள் இருந்தால் எடுத்து வாருங்கள், பவர் நிலையாக இருக்கிறதா என்பதற்கு அவைதான் சாட்சி. மை போடாமல் வாருங்கள். கண் பாப்பாவை விரிக்க மருந்து விடுவோம், 4, 5 மணி நேரம் வெளிச்சம் கூசும், கிட்டத்து எழுத்து மங்கும். பைக்கில் தனியாக வராதீர்கள். விரித்துப் பார்ப்பது விழித்திரைக்காக. மைனஸ் பவர் அதிகமுள்ள கண் நீளமான கண். விழித்திரை இழுபட்டு ஓரத்தில் மெலிந்தோ ஓட்டை விழுந்தோ இருக்கலாம். இருந்தால் முதலில் அதைச் சுற்றி வேறு வகை லேசரால் அடைத்துவிட்டுத்தான் மேற்கொண்டு போவார்கள்.

சிகிச்சை நடக்கும்போது வலிக்குமா? நடுவில் கண்ணைச் சிமிட்டிவிட்டால்?

ஊசி கிடையாது, மயக்க மருந்து கிடையாது. மரத்துப்போகும் சொட்டு மருந்துதான். இமைகளை ஒரு சின்னக் கம்பி பிடித்துக்கொள்ளும், நீங்கள் நினைத்தாலும் சிமிட்ட முடியாது. ஃபெம்டோ லேசர் வேலை செய்யும் 20, 30 விநாடி கண்ணை ஒரு வளையம் உறிஞ்சிப் பிடிக்கும். அப்போது கட்டை விரலால் அழுத்துகிற மாதிரி ஒரு பாரம் தெரியும், பார்வை மங்கும் அல்லது இருட்டிக்கொண்டு வரும். முன்பே சொல்லாவிட்டால் "கண் போச்சு" என்று பயந்துவிடுவார்கள், அதனால் நாங்கள் பக்கத்தில் நின்று விநாடிகளை எண்ணிக்கொண்டே இருப்போம்.

லாசிக்கில் அப்புறம் எக்சைமர் லேசர் டக் டக் என்று சத்தம் போடும், முடி கருகுகிற மாதிரி ஒரு வாசனை வரும். கண் கருகவில்லை, திசுவின் மூலக்கூறுகள் பிரிந்து ஆவியாகும் வாசனை அது. நீங்கள் செய்ய வேண்டியது பச்சையாகவோ சிவப்பாகவோ மினுங்கும் புள்ளியைப் பார்த்துக்கொண்டிருப்பது மட்டும். கண் நகர்ந்தால் எக்சைமர் கருவி பின்தொடரும், ரொம்ப நகர்ந்தால் தானே நின்றுவிடும். ஸ்மைலில் திடீரென்று தலையை அசைத்தால் உறிஞ்சு வளையம் விடுபடலாம். அப்படி ஆனால் டாக்டர் நிறுத்திவிட்டு வேறு முறைக்கு மாறுவார், அல்லது இன்னொரு நாள் வரச் சொல்வார். 2 கண்ணும் முடிய 20 நிமிடம். பெரும்பாலானவர்கள் எழுந்து உட்கார்ந்ததும் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்து மணி சொல்லிவிடுவார்கள், புகை மூட்டத்தில் தெரிகிற மாதிரி.

இந்த லேசரைக் கண்டுபிடித்தது நம்ம ஊர்க்காரரா?

ஓரளவு, ஆமாம். சென்னைப் பல்கலைக்கழகத்தில் பட்டம் பெற்று அமெரிக்கா போன ரங்கசாமி ஸ்ரீநிவாசன், ஐ.பி.எம். ஆய்வுக்கூடத்தில் ஜேம்ஸ் வைன், சாமுவேல் பிளம் ஆகியோருடன் வேலை பார்த்தார். 1981 நவம்பரில் அங்கே நன்றி நவிலும் நாள் விருந்தில் மிஞ்சிய வான்கோழித் துண்டைக் கொண்டுவந்து எக்சைமர் லேசரைக் காட்டினார். 193 நானோமீட்டர் புற ஊதா ஒளி பட்ட இடத்தில் மட்டும் சுத்தமாக வெட்டு விழுந்தது, பக்கத்துத் திசு கருகவே இல்லை. லேசரை வைத்துக் கருவிழியைச் சீவலாம் என்கிற நம்பிக்கை அங்கிருந்துதான் வந்தது. விருந்தில் மிஞ்சியதை வீணாக்காத பழக்கத்தை ஊரிலிருந்து கொண்டுபோயிருப்பார் என்று நான் வேடிக்கையாகச் சொல்வதுண்டு.

எத்தனை நாள் லீவு போட வேண்டும்? தலைக்குக் குளிக்கலாமா?

லாசிக், ஸ்மைல் என்றால் 2, 3 நாள். பி.ஆர்.கே. என்றால் ஒரு வாரம் எடுத்துக்கொள்ளுங்கள். வீட்டுக்குப் போன முதல் 4, 5 மணி நேரம் எரிச்சல், வெங்காயம் நறுக்கின மாதிரி நீர் வடியும். கண்ணை மூடித் தூங்குவதுதான் மருந்து. கசக்கவே கூடாது, தூக்கத்தில் கை போய்விடும் என்பதால்தான் இரவில் போட்டுக்கொள்ள மூடி கொடுக்கிறோம்.

தலைக்குக் குளிப்பது ஒரு வாரம் வேண்டாம். அவசியம் என்றால் சலூனில் போல பின்பக்கம் சாய்ந்து அலசச் சொல்லுங்கள். கிணறு, ஆறு, நீச்சல் குளம் ஒரு மாதம் கிடையாது. மை, ஐலைனர் 2 முதல் 4 வாரம் வேண்டாம், பாதி தீர்ந்துபோன பழைய மை டப்பாவைத் தூக்கிப் போட்டுவிடுங்கள். ஹெல்மெட் கண்ணாடியை இறக்கிவிட்டு ஓட்டுங்கள், அதுவும் டாக்டர் பார்த்துச் சரி என்று சொன்ன பிறகு. டிவி, போன் பார்த்தால் பவர் ஏறிவிடாது, கண் உலரும், அவ்வளவுதான்.

சொட்டு மருந்தில் ஒன்றை மட்டும் தனியாகச் சொல்ல வேண்டும். ஸ்டீராய்டு சொட்டு மருந்தை எழுதிக் கொடுத்த நாள் வரைக்கும்தான் விட வேண்டும். "விட்டால் கண் நன்றாக இருக்கிறது" என்று மெடிக்கல் ஷாப்பில் சீட்டில்லாமல் வாங்கி மாதக்கணக்கில் விட்டுக்கொண்டால் கண்ணின் அழுத்தம் ஏறி நரம்பு பாதிக்கும். அந்த இழப்பு திரும்பாது.

பக்கவிளைவே இல்லை என்கிறார்களே?

அப்படிச் சொல்பவர் விற்கிறார். வறட்சி கிட்டத்தட்ட எல்லோருக்கும் வரும். கருவிழி நரம்புகள் அறுபட்டதால் "கண் காய்கிறது, நீர் விடு" என்ற செய்தி சரியாகப் போகாது. பெரும்பாலானவர்களுக்கு 3 முதல் 6 மாதத்தில் அடங்கும், சிலருக்கு நீளும். ஏ.சி. அறையில் 10 மணி நேரம் கம்ப்யூட்டர் பார்க்கும் ஐ.டி. ஆட்களுக்கு இது கூடுதல். லூப்ரிகன்ட் சொட்டு மருந்துக்கு மாதம் ஒரு செலவு என்று கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இரவில் எதிரே வரும் லாரியின் விளக்கைச் சுற்றி வளையம் தெரிவது இன்னொன்று. கண் பாப்பா இருட்டில் பெரிதாக விரிகிறவர்களுக்கும் பவர் அதிகம் இருந்தவர்களுக்கும் கூடுதலாகத் தெரியும். நாளாக ஆகக் குறையும். ராத்திரி வண்டி ஓட்டுவதுதான் பிழைப்பு என்றால் இதை டாக்டரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள். தொற்று, மடல் நகர்வது போன்றவை அரிது. வலி கூடினாலோ, பார்வை நேற்றைவிட இன்று குறைந்தாலோ, ஞாயிற்றுக்கிழமை என்று பார்க்காமல் போக வேண்டும்.

பவர் திரும்பி வருமா?

கொஞ்சம் வரலாம். 19, 20 வயதில் அவசரப்பட்டுச் செய்தவர்களுக்குக் கண் இன்னும் வளர்ந்துகொண்டிருக்கும், அது புதுப் பவராகத் தெரியும். மறுபடி சீவலாமா என்பதற்கு அந்தச் சேமிப்புக் கணக்கைத்தான் பார்க்க வேண்டும். இன்னொன்றையும் மறக்க வேண்டாம்: பவர் போனாலும் கண்ணின் நீளம் அப்படியேதான் இருக்கிறது. மைனஸ் 8 இருந்தவர் கண்ணாடியைக் கழற்றிய பிறகும் விழித்திரையைப் பொறுத்தவரை மைனஸ் 8 கண்காரர்தான். வருடத்துக்கு ஒருமுறை பார்க்க வேண்டும். மின்னல் வெட்டுவது போலவோ, கருப்புப் புள்ளிகள் திடீரென்று கூட்டமாகப் பறப்பது போலவோ தெரிந்தால் அன்றே வர வேண்டும்.

எனக்கு 41 வயது. செய்தால் எல்லாக் கண்ணாடியும் போய்விடுமா?

தூரக் கண்ணாடி போகும், வெள்ளெழுத்துக் கண்ணாடி வரும். இன்று மைனஸ் 2 உள்ள ஒருவர் கண்ணாடியைக் கழற்றினாலே பேப்பர் படிக்கிறார். லேசர் செய்துகொண்டால் அந்த வசதி போய்விடும். ஒரு கண்ணைத் தூரத்துக்கும் இன்னொன்றைக் கிட்டத்துக்கும் வைக்கும் முறை உண்டு. சிலருக்குப் பழகும், சிலருக்குத் தலை சுற்றும். கான்டாக்ட் லென்ஸ் போட்டு ஒரு வாரம் ஒத்திகை பார்க்காமல் இதற்கு ஒத்துக்கொள்ளாதீர்கள்.

கல்யாணம் நிச்சயமாகியிருக்கிறது. உடனே செய்யலாமா?

ஆவணி முகூர்த்தத்துக்கு ஆடியில் வந்து நிற்கிறவர்கள் உண்டு. குறைந்தது 3 மாத இடைவெளி வைத்துக்கொள்ளுங்கள். மணமேடையில் ஹோமப் புகை, கண் மை, தூக்கமில்லாத இரவு என்று கண்ணுக்கு ஆகாத எல்லாம் ஒரே நாளில் வரும். பெண் பார்க்க வரும்போது கண்ணாடி இருந்ததை மறைக்கத்தான் அவசரம் என்றால், பரம்பரையில் பிள்ளைக்கு வரப்போகும் பவரை எந்த லேசரும் மறைக்காது என்று மெதுவாகச் சொல்வேன். சிலர் முறைப்பார்கள்.

வேலைக்காகச் செய்துகொள்ளலாமா?

அறிவிப்பை வரிக்கு வரி படித்த பிறகு. ரயில்வேயில் லோகோ பைலட் வேலைக்கு லாசிக் செய்தவர்களை எடுப்பதில்லை. அதற்காகவே செய்துகொண்டு வந்து, மருத்துவப் பரிசோதனையில் வெளியே போனவர்கள் கதை பரிதாபமானது. கருவிழி வரைபடத்தில் சிகிச்சை செய்தது தெரிந்துவிடும். முப்படைகளில் பல பிரிவுகள் ஏற்றுக்கொள்கின்றன. ஆனால் 20 வயதுக்குப் பிறகு செய்திருக்க வேண்டும், செய்து 12 மாதம் ஆகியிருக்க வேண்டும், கருவிழி கனம், கண்ணின் நீளம் என்று தனி வரம்புகளும் உண்டு.

எல்லாம் முடிந்தது. காகிதங்களைத் தூக்கிப் போடலாமா?

கூடவே கூடாது. 60 வயதில் உங்களுக்குக் கண்புரை வரும், அப்போது உள்ளே வைக்கும் லென்ஸின் பவரைக் கணக்கிட இயற்கைக் கருவிழியின் அளவு தேவைப்படும். சீவிய கருவிழியை வழக்கமான சூத்திரத்தில் போட்டால் கணக்கு பிசகும். கண் அழுத்தம் பார்க்கும்போதும் மெலிந்த கருவிழியில் அளவு குறைத்துக் காட்டும். கிளாக்கோமா என்ற கண் அழுத்த நோய் இருந்தும் "நார்மல்" என்று தப்பிக்க வாய்ப்புண்டு. அதனால் எந்த ஊரில், எந்த டாக்டரிடம் போனாலும் லேசர் செய்ததை முதல் வார்த்தையாகச் சொல்லுங்கள். சிகிச்சைக்கு முந்தைய பவர், கருவிழியின் வளைவு, கனம், எத்தனை மைக்ரான் சீவினார்கள் என்ற 4 விவரமும் உள்ள பக்கத்தைக் கேட்டு வாங்குங்கள். மெஷினிலிருந்து வரும் சின்னச் சீட்டு பஸ் டிக்கெட் மாதிரி, ரெண்டு வருடத்தில் எழுத்தெல்லாம் வெளுத்துவிடும். அன்றைக்கே போட்டோ எடுத்து வீட்டில் இன்னொருவர் போனுக்கும் அனுப்பி வையுங்கள்.